புரத இழைக்கு எது, உயிரணுவுக்கு எது? நானோ அகச்சிவப்பு நுண்ணோக்கிகள்: ஓர் ஒப்பீடு

ஆய்வு மாணவர்களிடமிருந்து அண்மைக்காலமாக ஒரே கேள்வி வெவ்வேறு வடிவங்களில் வந்துகொண்டிருக்கிறது. "என் மாதிரியை நானோ அளவில் அகச்சிவப்பில் பார்க்க வேண்டும். ஏஎஃப்எம்-ஐஆர் போதுமா, எஸ்-ஸ்னாம் வேண்டுமா? ஓ-பிடிஐஆர் என்றும் ஒன்று சொல்கிறார்களே, அது எதற்கு?" மூன்றுமே சாதாரண அகச்சிவப்பு நுண்ணோக்கியைவிட நுணுக்கமாகப் பார்க்கும் முறைகள். கேட்பவர்களில் பலர் தயாரிப்பாளர்களின் விளக்கக் கையேடுகளைப் புரட்டி, பிரிதிறன் (எவ்வளவு சிறியதைப் பிரித்துக் காட்டும் என்னும் அளவு) எண்களை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். 10 நானோமீட்டர் என்றால் நல்லது, 500 நானோமீட்டர் என்றால் மட்டம் என்று மனத்துக்குள் ஒரு தீர்ப்பும் எழுதியிருப்பார்கள்.

அந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. புரதம், கொழுப்பு, பாலிமர், ஜெல், உயிரணு போன்ற மென்மையான பொருள்களில் எந்தக் கருவி பயன்படும் என்பதைப் பெரும்பாலும் இரண்டு விஷயங்களே தீர்மானிக்கின்றன. ஒன்று மாதிரியின் தடிமன். மற்றொன்று அதிலுள்ள நீர்.

## எதை வைத்து எடைபோடுவது

அகச்சிவப்பு நிறமாலை நமக்கு ஏன் வேண்டும் என்பதிலிருந்து தொடங்கலாம். சாயம் ஏற்றாமல், குறியீட்டு மூலக்கூறு ஒட்டாமல், வேதிப்பிணைப்பின் அதிர்வை வைத்தே பொருளை அடையாளம் காட்டும் முறை இது. புரதச் சங்கிலியின் பிணைப்புகள் உறிஞ்சும் அமைடு-1 பட்டை, அலை எண் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) 1,650 செ.மீ⁻¹ அருகே இருக்கிறது. ஆல்பா சுருள் மிகுந்த புரதம் அங்கேயே முகடு காட்டும். புரதங்கள் தவறாக மடிந்து திரளும் அமிலாய்டு இழைகளில் உள்ள பீட்டா மடிப்பு 1,620 முதல் 1,630 வரை இறங்கிவிடும். கொழுப்பின் எஸ்டர் பட்டை 1,740 அருகே தனியாக நிற்கும்.

சிக்கல் அலைநீளத்தில் இருக்கிறது. 1,650 செ.மீ⁻¹ என்பது ஏறத்தாழ 6 மைக்ரோமீட்டர் அலைநீளம். விளிம்பு விளைவின் (ஒளி அலை விளிம்புகளில் வளைந்து பரவுவதன்) காரணமாக, சாதாரண அகச்சிவப்பு நுண்ணோக்கியால் அந்த அளவுக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது. 2 மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஈ. கோலி பாக்டீரியா முழுவதும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். 10 நானோமீட்டர் அகலமுள்ள புரத இழையின் நிலையைச் சொல்லவே வேண்டியதில்லை. இந்தத் தடையைத் தாண்டத்தான் மூன்று வழிகள் வந்தன. அவற்றை எடைபோட நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல்கள் இவை.

முதலில், தேடும் பொருளின் உண்மையான அளவு. கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவை இங்கே மறந்துவிடுங்கள். உங்கள் கேள்விக்கு எவ்வளவு நுணுக்கம் தேவை என்பதே கணக்கு. உயிரணுவுக்குள் கொழுப்புத் துளி எங்கே சேர்கிறது என்று பார்க்க அரை மைக்ரோமீட்டர் போதும்.

அடுத்தது தடிமன். தளத்தில் (மாதிரியைத் தாங்கும் தட்டில்) படிந்த 5 நானோமீட்டர் சவ்வும், 500 நானோமீட்டர் சீவலும், 5 மைக்ரோமீட்டர் உயிரணுவும் மூன்று வெவ்வேறு கருவிகளைக் கேட்பவை.

மூன்றாவது ஈரம். நீர் மூலக்கூறின் வளைவு அதிர்வு 1,640 செ.மீ⁻¹ அருகே, அமைடு-1 பட்டையின் மேலேயே வந்து உட்காருகிறது. ஈரத்தில்தான் பார்க்க வேண்டும் என்றால் தேர்வுக்கான வழிகள் உடனே சுருங்கிவிடும்.

நான்காவது, கிடைக்கும் நிறமாலையை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பது. வழக்கமான அகச்சிவப்பு நிறமாலைமானியான எஃப்டிஐஆரில் எடுத்துத் தொகுத்த நூலகங்களுடன் நேரடியாக ஒப்பிட வேண்டுமா, அல்லது இரண்டு பகுதிகள் வேறுபடுகின்றன என்று காட்டினால் போதுமா? இவற்றுக்குப் பிறகே பணம், கருவி கிடைக்கும் இடம், காத்திருக்கும் காலம்.

## எதையும் பதிவு செய்யும் முன்: சாதாரண எஃப்டிஐஆர்

உங்கள் கல்லூரியிலேயே இருக்கும் ஏடிஆர்-எஃப்டிஐஆர் (மாதிரியைப் படிகத்தின் மேல் அழுத்தி வைத்து எடுக்கும் எஃப்டிஐஆர்) கருவியில் மாதிரியை மொத்தமாக ஒருமுறை எடுத்துவிடுங்கள். நானோ அளவில் கிடைக்கும் எந்த நிறமாலையையும் அதன் பக்கத்தில் வைத்துத்தான் நம்ப முடியும். மொத்த நிறமாலையிலேயே தெரியாத பட்டையை நானோ அளவில் தேடினால், கிடைப்பது பெரும்பாலும் மாசுதான். அதோடு, மாதிரி எங்கும் ஒரே சீராக இருக்கிறது என்றால் நானோ கருவி புதிதாக எதையும் சொல்லாது. பணம் மிச்சம்.

## ஏஎஃப்எம்-ஐஆர்: வெப்ப விரிவைத் தொட்டு அறிவது

பிரான்சில் ஓர்சேயில் அலெக்சாந்த்ர் தாசியின் குழு 2005-இல் வெளியிட்ட முறை இது. துடிப்பு லேசர் மாதிரியின் மேல் விழுகிறது. அந்த அலை எண்ணை மாதிரி உறிஞ்சினால், வெயிலில் தண்டவாளம் நீள்வதுபோல அந்த இடம் நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் சூடாகி விரிகிறது. அணுவிசை நுண்ணோக்கியின் ஊசிமுனை அந்த விரிவை உதையாக உணர்கிறது, ஊசியைத் தாங்கும் மெல்லிய நெம்புத்தண்டான காண்டிலீவர் அதிர்கிறது. அந்த அதிர்வின் வீச்சை ஒவ்வொரு அலை எண்ணுக்கும் வரைந்தால் உறிஞ்சல் நிறமாலை வந்துவிடுகிறது. ஒளியைக் கண்டறிய வேண்டியதே இல்லை. அவர்கள் முதலில் பார்த்த மாதிரிகளில் ஒன்று ஈ. கோலி.

பிற்காலத்தில் அலை எண்ணை மாற்றிக்கொள்ளக்கூடிய குவாண்டம் கேஸ்கேடு லேசர் வந்ததும், துடிப்பின் வேகத்தைக் காண்டிலீவரின் ஒத்ததிர்வு அதிர்வெண்ணுடன் பொருத்தி, சைகையைப் பலமடங்கு பெருக்க முடிந்தது. தங்கம் பூசிய முனையும் தங்கத் தளமும் சேர்ந்தால் ஒற்றை மூலக்கூறு அடுக்குகூடத் தெரியும் என்று 2014-இல் காட்டினார்கள். 2020-இல் ஃபிரான்செஸ்கோ ருஜேரி, துவோமாஸ் நோல்ஸ் ஆகியோர் இடம்பெற்ற குழு தனிப் புரத மூலக்கூறின் இரண்டாம் நிலை அமைப்பையே (சுருள், மடிப்பு போன்ற வடிவத்தையே) இந்த முறையில் படித்தது.

மென்மையான பொருள்களுக்கு இதை நான் முதலில் பரிந்துரைப்பதற்குக் காரணம் நிறமாலையின் நேர்மை. வெப்ப விரிவு உறிஞ்சலுக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், முகடுகள் எஃப்டிஐஆரில் இருக்கும் இடத்திலேயே நிற்கின்றன. புரத அமைப்பு பற்றிய வாதம் முழுவதும் பத்து இருபது அலை எண் நகர்வில் தொங்கும்போது இது சின்ன வசதியல்ல. நூறு நானோமீட்டருக்கு மேல் தடித்த சீவல்களில் சைகை நன்றாக வருகிறது. சாதாரண தொடு முறையில் ஒரு மைக்ரோமீட்டர் ஆழம் வரை உள்ள பொருளும் பங்களிக்கும்.

அந்த ஆழமே இதன் பலவீனமும் ஆகும். மேற்பரப்பில் படிந்த மெல்லிய படலத்தின் வேதியியல் மட்டும் வேண்டும் என்றால், கீழே உள்ள பொருளும் கலந்து பேசும். ஊசிமுனை மாதிரியோடு ஒட்டியே இராமல் விட்டுவிட்டுத் தட்டும் தட்டு முறை வந்த பிறகு இது ஓரளவு குறைந்திருக்கிறது. ஒட்டும் தன்மையுள்ள, தொட்டால் இழுபடும் மாதிரிகளுக்கும் தட்டு முறையே ஏற்றது.

இன்னொரு கண்ணி படங்களில் இருக்கிறது. ஒரே ஒரு அலை எண்ணில் எடுத்த படத்தில் பளிச்சென்று தெரியும் பகுதி அதிகம் உறிஞ்சும் பகுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாதிரியின் விறைப்பு இடத்துக்கு இடம் மாறினால் ஒத்ததிர்வு அதிர்வெண்ணும் மாறும், சைகையும் மாறும். பாலிஸ்டைரீன் நடுவே ரப்பர் துளிகள் உள்ள படலத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். வேதியியல் வேறுபாடு இல்லாத அலை எண்ணிலும் துளிகள் அழகாகத் தெரியும்! அதனால்தான் இரண்டு அலை எண்களில் படமெடுத்து விகிதம் காண்பதும், அதிர்வெண்ணைத் தொடர்ந்து பின்தொடரும் மின்சுற்றைப் பயன்படுத்துவதும் கட்டாயம். ஒற்றை அலை எண் படத்தை மட்டும் வைத்து எழுதிய முடிவுகளைப் படிக்கும்போது எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

நீரில் இது முடியுமா? முடியும், ஆனால் உழைப்பு அதிகம். லேசரை மேலிருந்து விட்டால் நீரே குடித்துவிடும் என்பதால், ஜிங்க் செலினைடு பட்டகத்தின் வழியே கீழிருந்து முழு அக எதிரொளிப்பில் செலுத்த வேண்டும். காண்டிலீவரின் அதிர்வையும் நீர் தணித்துவிடுகிறது. அமைடு-1 வேண்டும் என்றால் சாதாரண நீருக்குப் பதில் கனநீர் (ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள நீர்) ஊற்றுவது வழக்கம். அதன் வளைவு அதிர்வு 1,210 அருகே ஒதுங்கிவிடும். ஆனால் புரதத்தின் ஹைட்ரஜன்களும் டியூட்டீரியமாக மாறும். அமைடு-1 சற்று நகரும். புரதத்தின் இன்னொரு பட்டையான அமைடு-2 ஏறத்தாழ 1,450-க்கு இறங்கிவிடும். ஒப்பிடும் எஃப்டிஐஆரையும் கனநீரிலேயே எடுக்க வேண்டும்.

## எஸ்-ஸ்னாம், நானோ-எஃப்டிஐஆர்: சிதறும் ஒளியைப் பிடிப்பது

இங்கே உலோகம் பூசிய ஊசிமுனை ஆன்டெனாவாக வேலை செய்கிறது. அகச்சிவப்பு ஒளி முனையின் நுனியில் குவிந்து, அங்கிருந்து சிதறும்போது கீழே உள்ள பொருளின் ஒளிவிலகல் எண்ணையும் உறிஞ்சலையும் சுமந்து வருகிறது. முனை ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருக்கும். அந்த அதிர்வெண்ணின் இரண்டாம், மூன்றாம் மடங்குகளில் மட்டும் சைகையை எடுப்பதால் பின்னணி ஒளி பெரும்பாலும் விலகுகிறது. இரண்டு ஒளிக்கற்றைகளைச் சேர்த்து ஒப்பிடும் குறுக்கீட்டுமானி, ஒளியலையின் வீச்சையும் கட்டத்தையும் (அலை எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பதையும்) தனித்தனியே தருகிறது. அதிர்வு உறிஞ்சலை இப்படிப் படமாக்க முடியும் என்று நோல், கைல்மன் இருவரும் 1999-இல் காட்டினார்கள். அகன்ற பட்டை ஒளியுடன் நிறமாலை எடுக்கும் வடிவத்துக்கு நானோ-எஃப்டிஐஆர் என்று பெயர்.

பிரிதிறன் முனையின் ஆரத்தைப் பொறுத்தது. 10 முதல் 20 நானோமீட்டர் வரை கிடைக்கும். பார்க்கும் ஆழமும் சில பத்து நானோமீட்டர்தான். ஆகவே மெல்லிய மாதிரிகளில் இது மிகச் சிறப்பாக வேலை செய்கிறது. ஸ்பெயினின் சான் செபாஸ்தியானில் உள்ள நானோகூன் மையத்தின் குழு 2013-இல் தனித்தனி ஃபெரிட்டின் துகள்கள், புகையிலைத் தேமல் வைரஸ், இன்சுலின் இழைகள், ஊதாச் சவ்வு ஆகியவற்றின் நிறமாலைகளை எடுத்தது. ஃபெரிட்டின் 12 நானோமீட்டர் விட்டமுள்ள புரதக் கூடு என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த வேலையின் அருமை புரியும்.

ஊதாச் சவ்வு இன்னொன்றையும் கற்றுக்கொடுக்கிறது. உப்பளங்களில் வாழும் ஹேலோபாக்டீரியத்தின் இந்தச் சவ்வு ஏறத்தாழ 5 நானோமீட்டர் தடிமன். அதிலுள்ள பாக்டீரியோரோடாப்சின் புரதத்தின் சுருள்கள் சவ்வுக்குச் செங்குத்தாக நிற்கின்றன. ஊசிமுனையின் கீழே மின்புலமும் செங்குத்தாகவே வலுவாக இருப்பதால் அமைடு-1 தூக்கலாக வருகிறது. அதே புரதத்தின் சுருள்கள் தளத்தோடு படுத்துக்கிடந்தால் இந்தச் சைகை கிடைக்காது. முகடு சிறிதாக இருப்பதைப் பார்த்துப் புரதம் குறைவு என்று எழுதும் முன், அது எந்தத் திசையில் கிடக்கிறது என்று கேட்டாக வேண்டும். தங்க முனை, தங்கத் தளம் வைத்து எடுக்கும் ஏஎஃப்எம்-ஐஆருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

மென்மையான பொருள்களில் எஸ்-ஸ்னாமின் சிரமம் சைகை வலு. கரிமப் பொருள்கள் பலவீனமாகவே உறிஞ்சுகின்றன. கனிமப் படிகங்களைப்போலப் பளிச்சென்ற எதிரொளி அவற்றில் இல்லை. கட்ட நிறமாலை உறிஞ்சல் நிறமாலையை ஒத்திருக்கும் என்றாலும், தடிமனையும் தளத்தையும் பொறுத்து முகடு சற்று நகரலாம். தளம் சிலிக்கான் டைஆக்சைடு என்றால் 1,100 செ.மீ⁻¹ சுற்றுவட்டாரம் முழுவதும் தளத்தின் பேச்சாகவே இருக்கும். கார்போஹைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதில் மூழ்கிவிடும். தங்கம் அல்லது தூய சிலிக்கான் மேல் எடுத்த ஒப்புநிறமாலை இல்லாமல் எதையும் சொல்ல முடியாது. உயரம் திடீரென மாறும் விளிம்புகளில் போலிச் சைகை தோன்றும். மைக்ரோமீட்டர் உயரமுள்ள உருண்டை உயிரணுவை இதற்குக் கொண்டுபோனால் மேல்தோலை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடும்.

ஈரத்துக்குக் கிராஃபீன் மூடிய நீர்க்கலமும், மிக மெல்லிய சவ்வின் அடியில் உயிரணுவை வைத்துப் பார்க்கும் முறையும் இருக்கின்றன. வியக்கத்தக்க வேலைகள் அவை. முதன்முறை கருவியைத் தொடும் மாணவர் அவற்றில் இறங்க வேண்டாம்.

துகள் முடுக்கியான சிங்க்ரோட்ரானின் ஒளியில் இதைச் செய்யும் வசதி கலிபோர்னியாவின் பெர்க்லியிலும் பிரேசிலின் காம்பினாசிலும் இருக்கிறது. லேசர் எட்டாத அலை எண்களும் ஒரே வீச்சில் கிடைப்பது அதன் பலம். முடிவுகளை வெளியிடும் ஆய்வுக்குக் கட்டணம் கேட்பதில்லை. விண்ணப்பம், காத்திருப்பு, பயணம், கிடைக்கும் சில நாள்களுக்குள் எல்லாவற்றையும் முடிக்கும் நெருக்கடி ஆகியவை உங்கள் கணக்கில்.

## ஓ-பிடிஐஆர்: தொடாமல் பார்ப்பது

அகச்சிவப்புத் துடிப்பு மாதிரியைச் சூடாக்குகிறது. பச்சை நிற லேசர் அந்தச் சூட்டினால் வரும் ஒளிவிலகல் மாற்றத்தைப் படிக்கிறது. பிரிதிறன் பச்சை ஒளியின் அலைநீளத்தைச் சார்ந்திருப்பதால் சுமார் அரை மைக்ரோமீட்டர் கிடைக்கிறது. ஊசி இல்லை, தொடுதல் இல்லை, மெல்லிய சீவலும் தேவையில்லை. ஆய்வாளர் ஜி-ஷின் செங்கின் குழு 2016-இலேயே உயிருள்ள செல்களையும் புழுக்களையும் இதே அடிப்படையில் படமெடுத்தது. அதே பச்சை லேசரில் ராமன் நிறமாலையும் சேர்ந்து எடுக்கும் கருவிகள் இப்போது விற்பனையில் இருக்கின்றன.

நானோ என்ற சொல்லுக்கு இது முழுத் தகுதி பெறாது. ஆனால் உயிரணு, திசுச் சீவல், நுண்நெகிழித் துகள் ஆகியவற்றுடன் வருபவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான். பச்சை ஒளியை உறிஞ்சும் நிறமிகள் உள்ள மாதிரிகளில் மட்டும் கவனம் தேவை. இரத்தச் சிவப்பணுவோ கரோட்டினாய்டு நிறைந்த செல்லோ லேசரின் கீழ் கருகிவிடலாம்.

## ஒரே பார்வையில்

| | ஏஎஃப்எம்-ஐஆர் | எஸ்-ஸ்னாம் | ஓ-பிடிஐஆர் |
|---|---|---|---|
| பிரிதிறன் | முறையைப் பொறுத்து 10–100 நா.மீ. | 10–20 நா.மீ. | சுமார் 500 நா.மீ. |
| பார்க்கும் ஆழம் | தொடு முறையில் 1 மைக்ரோமீட்டர் வரை | சில பத்து நா.மீ. | மைக்ரோமீட்டர் அளவு |
| எஃப்டிஐஆருடன் ஒப்பீடு | நேரடி | சிறு நகர்வுடன் | நேரடி |
| நீரில் | முடியும், கடினம் | சிறப்புக் கலம் வேண்டும் | எளிது |
| மாதிரித் தயாரிப்பு | மெல்லிய சீவல் அல்லது படிவு | தட்டையான, மெல்லிய படிவு | மிகக் குறைவு |

## விலைப்பட்டியலில் வராத செலவுகள்

கோடிக்கணக்கில் விலையுள்ள கருவியை வாங்கும்போதும், மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும்போதும் இவை கண்ணில் படுவதில்லை.

முதலில் வருவது சிலிக்கோன் (சிலிக்கான் அல்ல, ரப்பர் போன்ற பாலிமர்) மாசு. ஊசிமுனைகள் வரும் சிறு பெட்டிகளின் அடியில் ஒட்டும் ஜெல் இருக்கும். அதிலிருந்து கசியும் சிலிக்கோன் முனையில் ஏறி, மாதிரியிலும் படிகிறது. நிறமாலையில் 1,260 செ.மீ⁻¹ அருகே கூரான, ஒல்லியான முகடு ஒன்று எழும். புரதத்தின் அமைடு-3 பட்டையும் பாஸ்பேட்டின் 1,240 பட்டையும் அந்த வட்டாரத்திலேயே இருப்பதால், புதியவர் அதைக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடுவார். சுத்தமான தங்கத் தளத்தின் மேல் முனையை இறக்கி வெற்று நிறமாலை எடுத்துப் பாருங்கள். அங்கேயும் 1,260 வந்தால் முனையை மாற்றுங்கள். தங்க முனை ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விலை என்பதால் மாற்ற மனம் வராது; மாற்றித்தான் ஆகவேண்டும்.

அடுத்தது காற்றிலுள்ள நீராவி. அமைடு வட்டாரம் முழுக்க அதன் மெல்லிய கோடுகள் ஊசி ஊசியாக வரும். ஒளிப்பாதைக்குள் உலர்காற்றோ நைட்ரஜனோ தொடர்ந்து ஓட வேண்டும். ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் இந்தச் செலவை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

மாதிரித் தயாரிப்பில் ஒளிந்திருக்கும் செலவு இன்னும் பெரிது. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குச் செய்வதுபோல எப்பாக்சி பிசினில் பதித்துச் சீவினால், பிசினின் பட்டைகள் மாதிரியின் பட்டைகளோடு கலந்துவிடும். உறைநிலையில் சீவுவதே மேல். அதற்கு உறைசீவல் கருவியும் பழகிய கையும் தேவை. பாஸ்பேட் கரைசலில் இருந்த புரதத்தை அப்படியே உலர்த்தினால் உப்புப் படிகம் இழையைவிட உயரமாக வளர்ந்து நிற்கும்; 1,080-இல் பாஸ்பேட் பட்டையும் வந்து சேரும். தூய நீரில் அலசி உலர்த்தினால் இது தீரும். அலசும்போது இழைகளே கழுவிப் போகாமலிருக்கத் தளத்தில் அவை ஒட்டும்படி நேரம் கொடுக்க வேண்டும்.

கடைசியாக நேரம். ஒரு பரப்பை 100-க்கு 100 புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முழு நிறமாலை எடுக்க 5 நொடி என்றாலும் கிட்டத்தட்ட 14 மணி நேரம் ஆகும். அதற்குள் மாதிரி நகர்ந்திருக்கும், முனை மழுங்கியிருக்கும். தேர்ந்தெடுத்த சில அலை எண்களில் படம், தேர்ந்தெடுத்த சில புள்ளிகளில் நிறமாலை என்று திட்டமிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

## யாருக்கு எது

அமிலாய்டு இழை, புரதத் திரட்சி, வைரஸ் துகள் ஆகியவற்றின் இரண்டாம் நிலை அமைப்பு வேண்டும் என்றால் ஏஎஃப்எம்-ஐஆர், தங்கத் தளத்தின் மேல். ஆல்பா, பீட்டா என்று எண்ணைச் சொல்லி வாதாட வேண்டியிருப்பதால் முகடு நகராத முறையே பாதுகாப்பு.

சில நானோமீட்டர் தடிமனுள்ள கொழுப்புச் சவ்வு, ஒற்றை அடுக்குகள், மேற்பரப்பின் மெல்லிய படலம், எலும்பைப்போலக் கனிமமும் புரதமும் கலந்த பொருள்: எஸ்-ஸ்னாம். கனிமத்தின் வலுவான எதிரொளி அங்கே அனுகூலமாக மாறுகிறது.

பாலிமர் கலவைகளில், கட்டப் பிரிவு (கலவையின் கூறுகள் தனித்தனியே பிரிந்து நிற்பது) 100 நானோமீட்டர் அளவில் இருந்தால் தட்டு முறை ஏஎஃப்எம்-ஐஆர். துளிகள் மைக்ரோமீட்டர் அளவில் இருந்தால் ஓ-பிடிஐஆரே போதும். மாலைக்குள் வேலை முடியும்.

உயிருள்ள செல், நீர் நிறைந்த ஜெல், தடித்த திசு என்றால் ஓ-பிடிஐஆரில் தொடங்குங்கள். அதில் கண்ட ஒரு குறிப்பிட்ட புள்ளியின் உள்ளமைப்பு வேண்டும் என்றால் அந்த இடத்தை மட்டும் உறைநிலையில் சீவி ஏஎஃப்எம்-ஐஆருக்குக் கொண்டுபோகலாம்.

கையில் ஒரே ஒரு நாள் வாடகை நேரம்தான் இருக்கிறது என்பவர்கள் எந்தக் கருவியானாலும் இந்த வரிசையில் செல்லுங்கள். காலையில் வெற்றுத் தளத்தில் நிறமாலை. பிறகு இழையின் மேல் ஒன்று, இழைக்கு அரை மைக்ரோமீட்டர் தள்ளி ஒன்று, மறுபடியும் இழையின் மேல் ஒன்று. லேசரின் திறனைப் பாதியாகக் குறைத்து அதே புள்ளியில் இன்னொன்று. நிறமாலையின் வடிவம் மாறினால் மாதிரி சூட்டில் சேதமாகிறது என்று அர்த்தம். இவை ஒத்துவந்த பிறகு, பட்டை உள்ள அலை எண்ணில் ஒரு படமும் பட்டை இல்லாத அலை எண்ணில் ஒரு படமும் எடுங்கள். மீதி நேரம் முழுவதையும் வேறு வேறு இழைகளில் நிறமாலை சேர்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.